கூப்பிட்ட குரலுக்கு

படகில் எத்தனை பேர் போனார்கள் என்று கடற்காவல் படை கேட்டால், வேலாங்குப்பத்தில் யாரும் விரல் மடக்கி எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் படகுக்கு எத்தனை மிதவைச் சட்டை கொடுத்திருக்கிறார்களோ, அத்தனை பேர். பச்சைப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். பவுனம்மாளும் அப்படித்தான் சொன்னாள்.

"ரெண்டு பேரு மேடம். எங்க வூட்டுக்காரரு, அப்பறம் குப்புராசு."

போனது மூன்று பேர். மூன்றாவது ஆள் கலியமூர்த்தி, முகாம்காரன்.

முகாம்காரன் என்றால் ஏதோ வேற்று நாட்டு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கூப்பிடு தூரத்தில் இருந்த சாமந்தான்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த ஊரைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கடைசியில் கோயிலையும் முழுங்கிவிட்டது. மிஞ்சிய சனத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தகரக் கொட்டகை போட்டு, முகாம் என்று பெயர் வைத்தார்கள். கடலுக்குப் போகும் அட்டையைக் கரையை வைத்துத்தான் கொடுப்பார்கள். இந்தக் கரை, இந்த ஊர், இந்த ஆள் என்று. கரையே கடலுக்குள் போய்விட்டால் அந்த ஆள் என்ன செய்வான் என்ற யோசனை சட்டம் எழுதியவர்களுக்கு வரவில்லை. வந்த பிறகும் அதைத் திருத்த அவர்களுக்கு நேரம் வாய்க்கவில்லை. ஆக, வலை பின்னவும் வீசவும் தெரிந்த கைகள் முகாமில் சும்மா கிடந்தன.

பவுனம்மாளின் புருசன் அஞ்சப்பனுக்கு அது பொறுக்கவில்லை. முகத்துவாரத்தில் படகை மெதுவாக ஓட்டி, தண்ணீரில் நின்றிருக்கும் கலியமூர்த்தியைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொள்வான். அகப்பட்டால் படகு போகும், உரிமம் போகும். அஞ்சப்பன் உள்ளே போவான், கலியமூர்த்தியும் உள்ளே போவான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளைக் கடல் காற்றே படாத ஏதோ ஒரு ஊர் முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் ஏற்றினான். அவன் சுபாவம் அப்படி.

முதல் நாள் சாயங்காலம் ஆரம்பித்த காற்று விடிந்தும் ஓயவில்லை. மீட்பு மையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது பவுனம்மாள் தலைகூட வாரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

மையம் இரண்டு மாடிக் கட்டடம். மேலே வெள்ளைக் கோபுரம், கீழே குளிரூட்டிய கூடம், சுவர் முழுக்கத் திரை. திரையில் கடல் நீலமாக, அலையே இல்லாமல் சமர்த்தாக இருந்தது. அதில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு கப்பலைத் திருப்ப வேண்டுமானால் இந்த நிலையம் மண்டலத்தைக் கேட்க வேண்டும். பெரிய சங்கதி என்றால் மண்டலம் தலைநகரத்தைக் கேட்கும். ஆனால் வேலாங்குப்பத்துச் சனத்துக்கு இந்த ஏணிப்படியெல்லாம் ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக் கப்பல். பிடித்துக்கொண்டு போவதும் அதுதான், காப்பாற்றிக் கொண்டுவருவதும் அதுதான். எதற்காக வருகிறது என்பது கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

பொறுப்பில் இருந்தவள் துணை கமாண்டன்ட் கோகிலவாணி. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், பவுனம்மாளைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். டீ வரவழைத்தாள். பிறகு நிதானமாக விஷயத்தைச் சொன்னாள். படகு கவிழ்ந்துவிட்டது. குப்புராசுவை ரோந்துப் படகு எடுத்துவிட்டது. அவனைக் கேட்டதற்கு அவனும் இரண்டு பேர்தான் என்று சொல்லியிருக்கிறான். அஞ்சப்பனின் மிதவைச் சட்டை இன்னும் கடலில் மிதக்கிறது.

"சட்ட மெதக்குதுன்னா, அவங்க?"

"அதுதாங்க தெரியலை," என்றாள் கோகிலவாணி. "பதில் வரலீங்க."

அந்தச் சட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதன் தோள்பட்டையில் ஒரு பேசும் பெட்டி தைத்திருக்கும். தண்ணீரில் விழுந்தவர்கள் பாதிப் பேர் மூழ்கிச் சாவதில்லை, மனசு விட்டுத்தான் சாகிறார்கள் என்று யாரோ கண்டுபிடித்தார்களாம். யாராவது பேசிக்கொண்டே இருந்தால் ஆள் தாக்குப்பிடிப்பான். முதலில் காவல் படை அதிகாரியின் குரலை வைத்துப் பார்த்தார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் நம் ஆட்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். இத்தனை வருசப் பழக்கம் அது. பிறகுதான் வீட்டுக் குரல் வந்தது. தாயோ பெண்டாட்டியோ கொஞ்சம் வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தால், பெட்டி அதை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் அதே குரலில் பேசும். இதற்குத் துணைக்குரல் என்று பெயர். அது வந்த பிறகு பிழைத்து வருபவர்கள் இரண்டு மடங்காகிவிட்டார்கள் என்று காவல் படை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அதில் பொய் இல்லை.

பவுனம்மாளும் போன வருசம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து படித்துக் கொடுத்தவள்தான். கடைசியில் புருசன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு மாட்டேன் என்றுவிட்டாள். பரவாயில்லை, அதை மிஷினே சேர்த்துக்கொள்ளும் என்றார் அங்கிருந்தவர்.

"நான் பேசுறேன் மேடம். நேரா நானே பேசுறேன்," என்றாள் இப்போது.

அது முடியாது என்று கோகிலவாணி விளக்கினாள். இத்தனை தூரத்துக்குப் பேச்சு போகாது. பெட்டி தானாகக் கூப்பிடும், தானாகக் கேட்டுக்கொள்ளும். பதில் உண்டு, இல்லை என்ற ஒரு சின்னக் குறி மட்டும்தான் இங்கே வந்து சேரும். கப்பல் கிட்டே போன பிறகுதான் நேராகப் பேசலாம்.

"அப்ப கப்பல அனுப்புங்க."

கோகிலவாணி திரையின் மேல் ஓரத்தைக் காட்டினாள். அங்கே ஏழு புள்ளிகள் பச்சையாக மின்னின. வடக்கே ஒரு விசைப்படகு உடைந்திருக்கிறது. ஏழு பேரும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "இந்தக் காத்துல அவ்வளவு தூரம் போகக்கூடியது எங்ககிட்ட ஒரே கப்பல்தானுங்க. பதில் சொல்றவங்க கிட்டத்தான் முதல்ல போகணும். உடம்புச் சூட்டைப் பாக்கற கருவியெல்லாம் தண்ணியில ஏமாந்துபோயிரும். பதில் மட்டுந்தான் ஏமாத்தாது. ஆனா உங்க வீட்டுக்காரரை விட்டுடலீங்க. படகு கவுந்த இடத்துல ட்ரோன் சுத்திக்கிட்டுத்தான் இருக்குது."

அஞ்சப்பனின் புள்ளி கீழே தனியாக, சாம்பல் நிறத்தில் கிடந்தது.

பெட்டி என்ன பேசுகிறது என்று கேட்க வேண்டும் என்றாள் பவுனம்மாள். அதன் நகல் இங்கேயும் உண்டு; கோகிலவாணி ஒரு விசையைத் தட்டினாள். கூடத்தில் பவுனம்மாளின் குரல் கேட்டது. அவள் குரலேதான். இழுப்பு, மூக்கடைப்பு எல்லாம் அப்படியே இருந்தது.

"அஞ்சப்பன். அஞ்சப்பன். நான் பவுனம்மாள் பேசுகிறேன். பதில் சொல்லுங்கள்."

தன் வாய் சொல்லாத பெயரைத் தன் குரல் சொல்கிறது. பன்னிரண்டு வருசத்தில் கோபத்தில்கூட அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. தேர்தல் அட்டைக்காரன் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொன்னவள்.

"இது நான் இல்ல மேடம்," என்றாள். "நான் இப்புடிக் கூப்புட மாட்டேன். இதக் கேட்டா அவங்க பயந்துருவாங்க. கடல்ல தெரிஞ்ச கொரலு பேரச் சொல்லிக் கூப்புட்டா எங்காளுவ பதில் சொல்ல மாட்டாங்க. செத்தவங்கதான் அப்புடிக் கூப்புடுவாங்கன்னு சொல்லுவாங்க. நான்தான் செத்துட்டேன்னு நெனச்சிருப்பாங்க."

கோகிலவாணி நாற்காலியை விசைப்பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். இத்தனை பேர் இத்தனை வருசம் உட்கார்ந்து செய்த மிஷினில் இதை ஒருத்தர்கூட யோசிக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

"நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏங்கன்னுதான். வேற எப்புடி? ஏங்க, எங்கருக்கீங்க, சாப்புட வாங்க. அவ்வளவுதான்."

"எங்க ஊர்ல ஏனுங்கம்பாங்க," என்றாள் கோகிலவாணி. லேசாகச் சிரித்தாள். பேச்சைத்தான் அனுப்ப முடியாதே தவிர, நாலு எழுத்தை அனுப்பலாம். அவள் தட்டச்சு செய்ய, பவுனம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ஏங்க. நான்தாங்க. தூங்கிடாதீங்க. வந்துடுங்க.

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீயில் ஆடை படிந்தது. சாம்பல் நிறப் புள்ளி ஒரு தடவை மின்னியது. பிறகு பச்சையாகி, பச்சையாகவே நின்றது.

பவுனம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ சொன்னாள். மூத்தவளுக்குப் போன் போட்டு, அப்பா பேசிட்டாங்கடி என்றாள். கோகிலவாணி மண்டலத்தோடு மல்லுக்கு நின்றாள். ஏழு பேரில் ஐந்து பேரை அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிவிட்டது, மற்ற இரண்டு பேர் பக்கத்தில்தான் இருக்கிறார்கள், அவர்களை எடுத்ததும் கப்பல் தெற்கே வரட்டும் என்று வாதாடி உத்தரவும் வாங்கிவிட்டாள். பிறகு பவுனம்மாளிடம் வந்தாள்.

"பவுனம்மா, ஒண்ணு கேக்கணும். படகு கவுந்த இடத்துல ட்ரோன் சுத்துதில்லீங்களா? இந்த அலையில அதுக்கு எதுவும் தட்டுப்படலீங்க. ஒருத்தரை எடுத்தாச்சு. உங்க வீட்டுக்காரர் சட்டை அங்கிருந்து தள்ளிப் போயிருச்சு, இடமும் தெரியுது. அதனால ட்ரோனை வடக்க அனுப்பச் சொல்றாங்க. படகுல ரெண்டு பேர்தானுங்களே? அனுப்பிடலாமா?"

கூடத்தின் சன்னல் வழியாக வெளிக் கதவு தெரிந்தது. கதவுக்கு அப்பால், மழையில் நனைந்துகொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். தையல்நாயகி, கலியமூர்த்தியின் பெண்டாட்டி. முகாம் அட்டை வைத்திருப்பவர்களை உள்ளே விடமாட்டார்கள். அவள் உள்ளே வரக் கேட்கவும் முடியாது. கேட்டால் எதற்கு என்பார்கள்.

மூணு பேரு என்று சொல்லப் பவுனம்மாளுக்கு ஒரு நிமிசம் போதும். நெஞ்சு வரைக்கும் அது வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் வரிசையாக மற்றதெல்லாம் வந்தது. உரிமம் போகும். மீண்டு வருகிற புருசனை நேராகச் சிறைக்குக் கொண்டுபோவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம்: இன்னும் ஒருத்தன் இருக்கிறான் என்று சொன்னால், வருகிற கப்பல் அவனைத் தேடிச் சுற்றப் போய்விடுமோ? பச்சையாக இருப்பது மறுபடியும் சாம்பலாகிவிடுமோ? கலியமூர்த்திக்குச் சட்டை கிடையாது. ராத்திரி அடித்த அடியில் சட்டை இல்லாதவன் எங்கே இருக்கப் போகிறான். போனவன் போயிருப்பான். அவள் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளும்போதே அது தனக்கு வசதியான பேச்சு என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டு பேருதான் மேடம்," என்றாள்.

ட்ரோன் வடக்கே போயிற்று.

அதற்குப் பிறகு கப்பல் வந்து சேரும்வரை பவுனம்மாள் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பெட்டி அவள் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. புள்ளியும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. சாப்பிட இட்லி வந்தது. இரண்டு வாய் தின்றாள். புருசன் உயிரோடு வருகிற நாளில் இட்லி ஏன் இப்படிக் கசக்கிறது என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது. வந்ததும் அவரிடம் சொல்லிவிட வேண்டும், முகாமுக்குப் போய் அந்தப் பிள்ளைகளை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வேண்டும், அவர் திட்டுவார், திட்டட்டும் என்று கணக்குப் போட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் கப்பலிலிருந்து செய்தி வந்தது. ஆளை ஏற்றிவிட்டார்கள். உயிர் இருக்கிறது. கை ஒடிந்திருக்கிறது. குளிரில் விறைத்துப்போயிருக்கிறார், பெயர் கேட்டால் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

"பயந்திருக்காருங்க," என்றாள் கோகிலவாணி. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "இப்ப நேராப் பேசலாம். நீங்களே கூப்பிடுங்க."

ஒலிவாங்கியைப் பவுனம்மாளின் கையில் கொடுத்தாள். பவுனம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் இருக்கிறார்களே என்ற கூச்சம்கூட வந்தது.

"ஏங்க," என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், பல் கிட்டிய குரல், தட்டுத்தடுமாறி வந்தது.

"அண்ணி."

பவுனம்மாள் திரையில் இருந்த பச்சைப் புள்ளியைப் பார்த்தாள்.

"அண்ணி, நான் கலியன். அண்ணனோட சட்ட எங்கிட்டதான் இருக்கு. பாய்மரக் கம்பு அடிச்சி எங்கையி ஒடிஞ்சி போச்சி. நீந்த முடியல. வேணாம் வேணாம்னு சொன்னேன், கேக்காம கழட்டி மாட்டிவுட்டாரு. அவரு ஐஸ் பொட்டி மூடியப் புடிச்சிக்கிட்டாரு. சட்ட அண்ணன் பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சி. அடுத்தவன் பேருக்கு நான் எப்புடிப் பதில் சொல்றது? சொன்னா நான் இருக்குறதும் தெரிஞ்சிடும். வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன். அப்பறம் ஏங்கன்னு கேட்டுச்சி. தையலுதான் கூப்புடுறான்னு நெனச்சிட்டேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியல அண்ணி."

கோகிலவாணி பவுனம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது.

"மூணு பேரு மேடம்," என்றாள் பவுனம்மாள். "படவுல மூணு பேரு."

"அண்ணன எடுத்துட்டாங்களா?" என்று கேட்டது ஒலிபெருக்கி. "வெளிச்சம் வந்தப்பக்கூட உசுரோடதான் இருந்தாரு. அல தூக்குறப்பல்லாம் தூரத்துல தெரிஞ்சாரு. மேல ஏதோ சுத்துச்சி அண்ணி. அண்ணன் கையத் தூக்கி ஆட்டிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் அது திரும்பிப் போயிடுச்சி."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கையில் இருந்த வேலையை நிறுத்தினார்கள். கோகிலவாணிதான் முதலில் அசைந்தாள். ட்ரோனைத் திருப்பச் சொன்னாள். கப்பலுக்கு இடம் சொன்னாள். மண்டலத்தில் யாரோ ஏன் எதற்கு என்று இழுக்க, ஆள் தண்ணீரில் இருக்கிறார், காரணம் பிறகு எழுதித் தருகிறேன் என்று கத்தினாள். கத்திவிட்டு, பவுனம்மாளிடம் மட்டும் மெதுவான குரலில் கேட்டாள்.

"நல்லா நீந்துவாருங்களா?"

"நீந்துவாங்க."

திரையில் புதிதாக ஒரு வட்டம் விழுந்தது. சட்டை இல்லாத ஆள், இந்தத் தண்ணீர், இந்தக் காற்று, இத்தனை நேரம் என்று மிஷின் தானாகக் கணக்குப் போட்டு வட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் காட்டியது. பவுனம்மாளுக்கு எண் படிக்கத் தெரியும். கோகிலவாணி நகர்ந்து வந்து அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

தேடினார்கள். குறை சொல்ல முடியாது. ட்ரோன் போயிற்று, கப்பல் போயிற்று, காற்று தணிந்ததும் ஊர்ப் படகுகளும் போயின. ஐஸ் பெட்டி மூடி கிடைத்தது. அதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. அது மறுநாள் கதை. அன்றைக்குப் பவுனம்மாள் பாதியிலேயே எழுந்துவிட்டாள். எங்கே என்று கோகிலவாணி கேட்டதற்கு, ஒருத்திக்குச் சேதி சொல்லணும் என்றாள்.

வெளிக் கதவைத் தாண்டியதும் தையல்நாயகி ஓடி வந்தாள். மழை விட்டிருந்தது. சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பவுனம்மாளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒம் புருசன் வர்றான் தையலு. உசுரோட வர்றான். கையி மட்டும் ஒடிஞ்சிருக்கு."

தையல்நாயகி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்?" என்றாள்.

பவுனம்மாள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ட்ரோன் சுற்றியதையும், கேட்டதையும், தான் சொன்னதையும் சொன்னாள். "ஒம் புருசன் செத்துட்டான்னு நெனச்சித்தான் சொன்னேன். அவன் செத்தாச் சாவட்டும்னுதான் நெனச்சேன். என் வாயாலயே எம் புருசன முடிச்சிட்டேன்," என்றாள். அடித்துக்கொள்ள நெஞ்சுக்குப் போன கையைத் தையல்நாயகி விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அவள் திட்டுவாள், சபிப்பாள், குறைந்தபட்சம் கையையாவது உதறுவாள் என்று பவுனம்மாள் எதிர்பார்த்தாள். தையல்நாயகி காவலாளி நிற்கும் கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காலையிலேருந்து அந்தக் கூண்டுக்காரரு எத்தனையோ தடவ வந்து கேட்டுட்டாரு அக்கா, யாருக்காவ நிக்கிறே, ஒங்காளு யாரும் படவுல போயிருக்கானான்னு. பாவம், குடைகூடக் கொண்டாந்து நீட்டுனாரு. யாரும் போவல சார், சும்மாதான் நிக்கிறேன்னு நானும்தான் சொன்னேன்."